மரமும் முதலும் கொள்முதலும்
சிறு மரச்சாமான் தொழிலின் வரலாற்றுக் குறிப்புகள்

வெள்ளி விழா மலர் என்றால் கழகம் தோன்றிய வரலாறும், தேர்ச்சி பெற்ற மாணவர் தொகையும், நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதி வாய்ந்தோர் இம்மலரிலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பக்கங்களில் நம் பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் பெஞ்சைப் பற்றியும், அதைச் செய்து பிழைக்கும் தொழிலைப் பற்றியும் எழுத முற்படுகிறேன். முப்பதாண்டுகள் மரப்பட்டறை நடத்தியவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

பெஞ்சும் நாற்காலியும் நமக்கு வெறும் சாமான்கள் அல்ல. அண்ணல் அம்பேத்கர் சிறுவராயிருந்தபோது வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துண்டின்மேல் வகுப்பறையில் தனியே அமர்ந்து படித்தார். பள்ளியைப் பெருக்கும் பணியாள்கூட அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் அதை வீட்டுக்கே எடுத்துச் சென்றார். இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. 2020-ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் பெண்மணி ஒருவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது. நாற்காலியில் யார் அமர்வது என்ற கேள்வியை நம் தலைவர்கள் பல மேடைகளில் எழுப்பியிருக்கிறார்கள். நாற்காலியை யார் செய்வது, செய்தவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை எழுப்பியவர் குறைவு.

இத்தொழிலில் ஆதாயமும் நட்டமும் பட்டறைக்குள் முடிவாவதில்லை. உளி பிடிக்கும் கைத்திறமை இருந்தும் நொடித்துப்போனவர்கள் ஏராளம். மரம் எவ்விலைக்குக் கிடைக்கிறது, முதல் எவ்வட்டிக்குக் கிடைக்கிறது, செய்த பொருளை வாங்குவோர் எப்போது பணம் தருகிறார்கள் ஆகிய மூன்றும் பட்டறைக்கு வெளியே, வேறு கைகளில் இருப்பவை. இந்த மூன்றின் வரலாறே சிறு மரச்சாமான் தொழிலின் வரலாறு என்பது என் கருத்து.

மரத்திலிருந்து தொடங்குவோம். தேக்கு நெடுங்காலமாகவே எளியவன் கைக்கு எட்டாத மரம். கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்த ஆங்கிலக் கம்பெனியார் 1806-இல் மலபாரில் வாட்சன் என்னும் அதிகாரியைக் காடுகளின் பாதுகாவலராக அமர்த்தி, மறு ஆண்டு தேக்கைத் தம் ஏகபோக உடைமையாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்தமையால் தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராயிருந்த காலத்தில், 1823-இல், அந்த ஏகபோகம் கைவிடப்பட்டது. பின்னர் 1840-களில் மலபார் கலெக்டர் கானலி, சாத்து மேனன் என்பாரின் துணையுடன் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். திருவிதாங்கூரிலோ தேக்கும் சந்தனமும் ‘அரச மரங்கள்’ எனப்பட்டன. குடியானவனின் சொந்தப் புஞ்சையில் முளைத்தாலும் அவை அரசுக்கே உரியவை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அச்சமஸ்தானத்தையும் அதன் வழிவந்த மாநிலத்தையும் சேர்ந்ததாகவே இருந்ததால் இவ்விதி நம் பக்கத்து மக்களுக்கும் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் பெருங்காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக்கியது. அதன்பின் காட்டு மரம் சர்க்கார் கிடங்கில் ஏலத்துக்கு வரும் பொருளாயிற்று. ஏலத்தில் மரம் குவியல் குவியலாகத்தான் விலைபோகும். ஒரு குவியலை எடுக்கப் பணமுள்ளவன் மரக்கடைக்காரன். இரண்டு கட்டிலுக்கும் ஒரு மேசைக்கும் மரம் வேண்டிய தச்சன், அந்த மரக்கடைக்காரனிடம் அவன் சொன்ன விலைக்குக் கன அடிக் கணக்கில் வாங்க வேண்டியவனானான். இந்த ஏற்பாடு இன்றளவும் பெரிதும் மாறவில்லை.

தச்சு வேலை நம் நாட்டில் பிறப்பால் வருவதாகக் கருதப்பட்ட தொழில். உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் சென்றன. வெளியார் பிள்ளைக்குப் பட்டறைக்குள் இடமில்லை. பல ஊர்களில் நம் முன்னோர்க்கு இத்தொழிலில் கிடைத்த இடம் மரம் வெட்டுவதும், சுமப்பதும், அறுப்பதுமே. அறுவை மில்கள் பெருகுவதற்கு முன் பெரிய மரத்தைப் பள்ளத்தின்மேல் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நீண்ட ரம்பத்தை இழுத்து அறுப்பார்கள். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படி அறுத்துக் கொடுத்தவரின் பெயர் எந்த அரண்மனைக் கதவிலும் இல்லை.

பட்டறைக் கதவை நமக்குத் திறந்தது பள்ளிக்கூடம். கிறித்தவச் சபையார் நடத்திய தொழிற்பள்ளிகளும் அநாதை இல்லங்களும் சாதி கேளாமல் தச்சு கற்பித்தன. சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ்த் தொழிற்பயிற்சி நிலையங்கள் எழுந்தன. தச்சுப் பிரிவில் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. கழுந்தும் துளையும் பிசகின்றிப் பொருந்த வெட்டுவதற்கு இரத்த சம்பந்தம் வேண்டாம், அளவுகோலும் மூலைமட்டமும் பொறுமையும் போதும் என்பதை அந்நிலையங்களிலிருந்து வெளிவந்த முதல் தலைமுறை மெய்ப்பித்தது. நானும் அவ்வழியில் வந்தவனே.

ஆனால் சான்றிதழ் பெற்றவுடன் பட்டறை வந்துவிடாது. அக்காலத்தில் அரசு சிறுதொழிலுக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 1955-இல் தேசியச் சிறுதொழில் கழகம் தோன்றியது. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. 1965-இல் டான்சி எனப்படும் தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனமும், 1970-இல் சிட்கோவும் உருவாயின. 1967-இல் சில பொருள்களைச் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கும் கொள்கையை மத்திய அரசு கொண்டுவந்தது. முதலில் 47 பொருள்களே இருந்த அப்பட்டியல், 1978-இல் ஐந்நூற்றையும் 1980-களில் எண்ணூற்றையும் தாண்டியது. மர மேசை நாற்காலி முதலிய தளவாடங்களும் அதில் அடங்கின. பெருமுதலாளி புதிதாக மரச்சாமான் ஆலை வைக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

இது நன்மையா தீமையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டும் என்பேன். ஆலைப் போட்டியிலிருந்து அது நம்மைக் காத்தது மெய். அவ்வேலி இல்லாதிருந்தால் தெருவுக்கு ஒரு பட்டறை என்ற நிலையே தோன்றியிராது. எனினும் வேலி போட்டவர்கள் உள்ளே தண்ணீர் பாய்ச்ச மறந்தார்கள். மரத்தை நியாய விலைக்குத் தரும் கிடங்கு வேலிக்குள் வரவில்லை. பலகையை உலர்த்தும் சூளை வரவில்லை. சிறுதொழில் என்ற பெயர் நிலைக்க வேண்டுமானால் இயந்திர முதலீடு ஒரு வரம்புக்குள் இருத்தல் வேண்டும். அவ்வரம்பு 1966-இல் ஏழரை இலட்சம் ரூபாய், 1975-இல் பத்து இலட்சம், 1980-இல் இருபது இலட்சம், 1991-இல் அறுபது இலட்சம். சற்றே வளர்ந்தவன் அவ்வரம்பைத் தாண்ட அஞ்சி, ஒரு பட்டறையை இரண்டு பெயரில் நடத்தினான். நம்மவர் நிலையோ வேறு. வரம்பைத் தாண்டுவதிருக்கட்டும், அதன் அடிவாரத்தையே நாம் பார்த்ததில்லை. ஒரு ரம்ப மேசையும் ஒரு துளைக் கருவியும் வாங்குவதே எங்களுக்கு வாழ்நாள் சாதனை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சட்டம் மரச்சாமானைக் காத்ததேயன்றி, மரச்சாமானின் இடத்தைப் பிடிக்க வந்தவற்றைத் தடுக்கவில்லை. இரும்பு பீரோவைப் பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923-லேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். கல்யாணச் சீரில் மர அலமாரி இருந்த இடத்தை இரும்பு பீரோ மெல்ல எடுத்துக்கொண்டது. 1990-களில் பிளாஸ்டிக் நாற்காலி பெருகியபோது, மடக்கு நாற்காலி செய்து பிழைத்த பட்டறைகள் ஓசையின்றி மூடப்பட்டன.

இதே காலத்தில் மரத்தின் நெருக்கடியும் முற்றியது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இன் தேசிய வனக் கொள்கை, தொழிலுக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எதிர்பாராமல் உழவர் நிலங்களில் வளர்த்துக்கொள்ளச் சொன்னது. 1994-இல் தமிழக அரசு ஈட்டி மரத்தைக் காக்கத் தனிச் சட்டம் செய்தது. கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் ஆணை பிறப்பித்தது. காட்டில் மரம் வெட்டுவதும் அறுவை மில் நடத்துவதும் கடுங்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இவற்றைக் குறைகூற மாட்டேன். காடு அழிந்தால் மழையில்லை என்பதை உழவுக்கூலியின் மகனான நான் அறிவேன். எனினும் அக்கட்டுப்பாட்டின் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்கலாமல்லவா? பெரிய வணிகர் வெளிநாட்டு மரத்துக்கு மாறிக்கொண்டார். பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தூத்துக்குடித் துறைமுகத்தில் மரம் வந்திறங்கியது. 2014 ஏப்ரலில் பர்மா உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியபோது அவர் வேறு நாட்டைத் தேடிக்கொண்டார். கப்பல் மரத்தைப் பெட்டகக் கணக்கில் வாங்க இயலாத சிறு பட்டறைக்காரனோ வேம்பு, வாகை, பூவரசு, மா, பலா என்று உள்ளூர் மரங்களைத் தேடிப் போனான். நல்ல மரங்களே அவை. நன்றாக உலர வைத்தால் தலைமுறைக்கும் நிற்பவை. உலர வைக்கத்தான் முதல் வேண்டும். பச்சைப் பலகையை மாதக்கணக்கில் நிழலில் அடுக்கி வைத்தால் அத்தனை மாதமும் பணம் முடங்கிக் கிடக்கும். அவசரப்பட்டு ஈரமரத்தில் செய்தால் கோடையில் கழுந்து கழன்று பெயர் கெடும்.

2001 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுப் பொருள்களின்மீது இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. அப்போது ஒரு விந்தை நேர்ந்தது. உள்நாட்டுப் பெருமுதலாளி மரச்சாமான் ஆலை வைக்கத் தடை. மலேசியாவிலும் சீனத்திலும் உள்ள பேராலைகள் செய்த கட்டிலும் மேசையும் வரி கட்டிவிட்டு உள்ளே வரத் தடையில்லை! வேலி நின்றது, வாயிற்கதவு திறந்து கிடந்தது. வேலியை எடுத்துவிடலாம் என்று 1997-லேயே அபித் உசேன் குழு பரிந்துரைத்திருந்தது. பொருள்கள் படிப்படியாக நீக்கப்பட்டன. எஞ்சியிருந்த கடைசி 20 பொருள்களில் ஊறுகாய், தீப்பெட்டி, கண்ணாடி வளையல் ஆகியவற்றோடு மரச்சாமானும் இருந்தது. 2015 ஏப்ரலில் அவையும் நீக்கப்பட்டன. 2018-இல் ஐகியா என்னும் பன்னாட்டு நிறுவனம் ஐதராபாத்தில் கடை திறந்தது. இதற்கிடையே 2017 ஜூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, மரச்சாமானை முதலில் 28 விழுக்காட்டு வரிசையில் வைத்துவிட்டது. எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டு நவம்பரில்தான் அது 18 விழுக்காடாயிற்று. கலால் வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்த சிறு பட்டறைகளுக்கு அந்நான்கு மாதங்கள் எத்தகையவை என்பது பட்டவர்க்குத் தெரியும்.

இனி முதல். 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972-இல் 4 விழுக்காட்டு வட்டியில் ஏழைகளுக்குக் கடன் தரும் திட்டம் வந்தது. உச்ச வரம்போ சில ஆயிரம் ரூபாயே. அதில் உளி வாங்கலாம், மரம் வாங்க இயலாது. 1974-இல் தாட்கோ தோன்றியது. நம்மவர் பலர் முதன்முதலில் வங்கிப் படியேறியது அதன் பரிந்துரைக் கடிதத்தோடுதான். ஆனால் வங்கி மேலாளர் கேட்கும் முதற்கேள்வி ஈடு என்ன என்பது. நம்மிடம் இருந்த வீட்டுமனை பெரும்பாலும் அரசு அளித்த நிபந்தனைப் பட்டா. விற்கவும் அடகு வைக்கவும் தடையுள்ள அந்த மனை, நம் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காத்தது. அதே தடை நமக்குக் கடன் கிடைக்காமலும் செய்தது. ஈடில்லாக் கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் அறக்கட்டளை 2000-இல்தான் அமைந்தது. 2016-இல் வந்த ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’, பட்டியல் இனத்தார்க்கும் மகளிர்க்கும் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கடன் வகுத்தது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும், வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் என்று ஏங்கும் திட்டம் இது. எங்களுக்கு இருந்தது நூற்றுக்கு இரண்டு வட்டிக் கடை.

அந்த இரண்டு வட்டி என்ன செய்யும் என்பதற்கு என் கதையே சான்று. 2009-இல் ஓர் அலுவலகத்துக்கு மேசைகளும் பெஞ்சுகளும் செய்து கொடுத்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். மரம் வாங்க ஒரு இலட்சம் ரூபாய் வட்டிக்கு எடுத்தேன். சரக்கைக் குறித்த நாளில் இறக்கினேன். குறையொன்றும் சொல்லவில்லை. ஆயினும் பணம் வந்தது பதினான்கு மாதம் கழித்து. மாதம் இரண்டாயிரமாக இருபத்தெட்டாயிரம் ரூபாய் வட்டி கட்டினேன். அவ்வேலையில் நான் எதிர்பார்த்த ஆதாயம் அதைவிடக் குறைவு. பதினான்கு மாதமும் மாதம் இருமுறை சென்று, நாற்காலி காலியாயிருந்தும் நின்றபடியே கேட்டுத் திரும்பினேன். நான் செய்து கொடுத்த நாற்காலிகள் அல்ல அவை. அவர்களிடம் முன்பே இருந்தவை.

என் அறியாமையை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். 2006-இலேயே குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. குறு, சிறு தொழில்களிடம் பொருள் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும். வாங்கியவர் அரசு அலுவலகமாயினும் விலக்கில்லை. சட்டம் வந்து மூன்றாண்டாகியும் அப்படியொன்று இருப்பதை எனக்குச் சொல்வார் இல்லை. பட்டறையைப் பதிவு செய்யாதிருந்தமையால், தெரிந்திருந்தாலும் அச்சட்டத்தின் துணையை நாடியிருக்க இயலாது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குப் பதிவு என்றாலே வரிக்காரரை வீட்டுக்கு அழைப்பது என்ற அச்சம்.

கொள்முதலில்தான் இன்று நம் இளைஞர்கள் முதன்மையாகக் கண்வைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். மரச்சாமானை மொத்தமாக வாங்குவோருள் அரசு பெரியது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், இரயில்வே என எங்கும் மேசையும் நாற்காலியும் வேண்டும். தமிழகத்தில் இவ்வேலையில் ஒரு பெரும்பங்கை டான்சி செய்துவந்தது. மத்திய அரசு 2012-இல் பிறப்பித்த பொதுக் கொள்முதல் ஆணை புதிய வழியொன்றைத் திறந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதனுள் 4 விழுக்காடு பட்டியல் சாதியார், பழங்குடியார் நடத்தும் தொழில்களுக்கு உரியது. 2018-இல் மொத்தப் பங்கு 25 விழுக்காடாக உயர்ந்தது. 358 பொருள்களைச் சிறுதொழில்களிடமே வாங்க வேண்டும் என்ற பட்டியலில் மர நாற்காலியும் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்துக்குக் கட்டணமில்லை, முன்வைப்புத் தொகையும் இல்லை. நம் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காட்டுக்குள் கூடுதலாயிருந்தால், அக்குறைந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கைப் பெறவும் வாய்ப்புண்டு.

அந்த 4 விழுக்காடு என்னவாயிற்று? ஒரு விழுக்காட்டையே எட்டாத ஆண்டுகள் உண்டு. காரணம் கேட்டால், விற்க வந்த பட்டியல் இனத்தார் போதிய அளவில் இல்லை என்பதே அலுவலகங்களின் விடை. அதில் பாதி உண்மை. பட்டறை வைத்திருப்பவன் பதிவு செய்வதில்லை, பதிவு செய்தவன் ஒப்பந்தப்புள்ளி எழுத அறியான். மறுபாதி, ஒரே நிறுவனம் ஐந்நூறு மேசைகளை ஒரே மாதத்தில் தரவேண்டும் என்று நிபந்தனை எழுதுகிற கையைச் சேர்ந்தது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையால் அது ஆகாது. ஐந்தாறு பட்டறைகள் ஒரே அளவுக்கும் ஒரே மெருகுக்கும் உடன்பட்டுச் சேர்ந்து செய்தால் ஆகும். சேர்ந்து மரம் வாங்கினால் ஏலத்திலும் நிற்கலாம். இதற்கு முன்பு நாம் முயன்றதில்லையா என்று கேட்பீர்கள். முயன்றோம். கணக்கு எழுதத் தெரிந்தவர் எங்களுள் ஒருவரும் இல்லாமையால் முதல் ஆண்டிலேயே மனத்தாங்கல் வந்து பிரிந்தோம்.

இன்று நம் கழகத்தில் படித்த பிள்ளைகளுள் வணிகவியல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். பட்டறைக்கு வரவேண்டும் என்று அவர்களை நான் அழைக்கவில்லை. தம் சிற்றப்பன், பெரியப்பன் பட்டறைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றால் போதும். 2020 ஜூலை முதல் ‘உத்யம்’ பதிவு கணினி வழியே கட்டணமின்றி நடைபெறுகிறது. ஆதார் எண்ணும் நிரந்தரக் கணக்கு எண்ணும் கொண்டு அரைமணியில் முடிக்கலாம். சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில், ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2016-இல் தொடங்கிய அரசு இணையச் சந்தையில் விற்பனையாளராகச் சேர்க்க வேண்டும். சரக்கு இறக்கும்போது பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேதியும் உள்ள சீட்டைக் கட்டாயம் வாங்கச் சொல்ல வேண்டும். 45 நாள் கணக்கு அந்தத் தேதியைக் கொண்டே தொடங்கும். நாள் கடந்தால் முறையிடுவதற்குரிய வசதியாக்க மன்றங்கள் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. என்னிடம் அந்தச் சீட்டு இல்லை. மேசைகளை இறக்கிவைத்துவிட்டு, வண்டிக்காரனுக்கு நேரமாயிற்று என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.